எந்த மேசைக்கு நல்லது?

பழைய கார்டு ஒன்றை மேசையில் வைத்தால் இரண்டு கேள்விகள் வரும். இதன் விலை என்ன என்பது முதலாவது. இதை இன்னும் போட்டியில் விளையாடலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கைபேசியில் அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடி நான் ஒரு பனிக்காலம் முழுவதையும் செலவழித்தேன். ஒரு பொருளையோ ஆளையோ ‘நல்லது’, ‘சரிவராது’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் அந்தத் தேடலில்தான் கவனிக்கத் தொடங்கினேன்.

விளையாட்டின் பெயர் ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் வடிவமைத்து, 1993இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைப் பூச்சியமாக்கினால் வெற்றி. ஒவ்வொருவரும் குறைந்தது 60 கார்டுகள் கொண்ட சொந்தக் கட்டோடு வருவார்கள். அதை டெக் என்பார்கள். நம் முறை வரும்போது ஒரு நிலக் கார்டை இறக்கலாம். நிலம் மானா தரும். மானாதான் இந்த விளையாட்டின் காசு. அதைக் கொடுத்துத்தான் வீரர்களையும் விலங்குகளையும் மந்திரங்களையும் இறக்க முடியும். முதல் முறை ஒரு மானா, ஐந்தாம் முறை ஐந்து மானா என்று வருமானம் மெல்லத்தான் ஏறும். இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு கார்டுகள் வந்திருக்கின்றன. அவற்றில் எந்த அறுபதை எடுத்துப்போவது என்று தீர்மானிப்பதே பாதி விளையாட்டு.

என் கைக்கு வந்தவை இரண்டு செர்ரா ஏஞ்சல் கார்டுகள். 1994இல் வந்த ‘ரிவைஸ்ட்’ பதிப்பு, வெள்ளை விளிம்பு, டக்ளஸ் ஷூலர் வரைந்த படம். அவை என் பெரியம்மாவின் மகளுடையவை. அக்காவின் குடும்பம் எண்பதுகளின் கடைசியில் ஸ்காபரோவுக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். கைச்செலவுக்குக் கிடைத்ததில் மிச்சம்பிடித்து ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கார்டு சேர்த்திருந்தாள். 1997இல் மாலை நேர வேலைக்குப் போகத் தொடங்கியதும் விளையாட்டு நின்றுபோனது. பெட்டியை அவளுடைய தம்பி விற்றுவிட்டான். அவனுக்கு விளையாடவே தெரியாது. ஆனாலும் விளையாட்டுச் சாமான் என்றால் அது ஆண்பிள்ளையின் உடைமை என்றே அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் அக்காவிடம் கேட்கவில்லை.

இந்த இரண்டு மட்டும் தப்பியதற்குக் காரணம் பெரியம்மா. பேய், பிசாசுப் படங்களைக் கண்டு பயந்த அவர், இறக்கையோடு வாள் ஏந்தி நின்ற பெண்ணைக் கண்டதும் எடுத்துத் தன் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். “சம்மனசுப் படம் எண்டபடியால் எறிய மனம் வரேல்லை” என்று பல வருடம் கழித்துச் சொன்னார். அவருக்கு அது பக்க அடையாளம். ஓரமெல்லாம் தேய்ந்து, ஒரு மூலை மடிந்திருந்தது. சேகரிப்பவர்களின் கணக்கில் மதிப்பு விழுந்துவிட்டது. விளையாடுபவர்களுக்கு அது பெரிய குறையில்லை, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் போதும்.

நான் படிப்புக்காக ரொறன்ரோ வந்து, உடன் வேலை செய்த பெண்ணொருத்தியிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதைக் கேள்விப்பட்ட அக்கா கார்டுகளைக் கொண்டுவந்து தந்தாள். “வித்தா என்ன வரும் எண்டு பாக்காதை. விளையாடேலுமோ எண்டு பார்” என்றாள்.

பார்க்கத் தொடங்கினேன். கார்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: விலை ஐந்து மானா, அதில் இரண்டு வெள்ளை நிறமாக இருக்க வேண்டும். தாக்கும் வலு நான்கு, தாங்கும் வலு நான்கு. பறக்கும். தாக்கப் போனாலும் சாயாது.

கடைசி வரிக்கு விளக்கம் வேண்டும். இந்த விளையாட்டில் தாக்கப் போகும் கார்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். சாய்ந்த கார்டு, எதிராளியின் முறையில் நம்மைக் காக்க முடியாது. வெளியே போனால் வீட்டுக்குக் காவல் இல்லை என்பதுதான் பொது விதி. செர்ரா ஏஞ்சலுக்கு அந்த விதி கிடையாது. போய் அடித்துவிட்டு வந்து, நிமிர்ந்து நின்று, வீட்டையும் காக்கும். இந்தத் திறனுக்கு 2004இல் ‘விஜிலன்ஸ்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். விழித்திருத்தல்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்கும் போய், வந்து அடுப்பங்கரையிலும் நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக அது இல்லை. இரண்டு வேலையையும் செய்யும் அந்த ஆற்றலுக்கு இந்தக் கார்டில் விலை குறித்திருக்கிறது. வலுவும் பறக்கும் திறனும் விழிப்பும் சேர்ந்துதான் ஐந்து மானா. வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து யோசித்து, இரட்டை வேலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். அக்கா காலையில் பள்ளிக்கூடமும் மாலையில் வேலையும் இரவில் தம்பி, தங்கைக்குச் சாப்பாடுமாக ஓடிய வருடங்களுக்கு அப்படி யாரும் கணக்கு எழுதவில்லை.

இனிக் கார்டுக்கு வருவோம். போட்டியில் ஒரு கார்டு பயன்படுமா என்று பார்க்கச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். என் குறிப்பேட்டில் அவற்றை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, எப்போது இறங்கும்? ஐந்து மானா என்றால், முறைக்கு ஒரு நிலம் தவறாமல் கிடைத்தால்கூட ஐந்தாவது முறைதான். இன்று பரவலாக விளையாடப்படும் ‘மாடர்ன்’ வகைப் போட்டியில், நான்காவது முறைக்குள் ஆட்டத்தை முடித்துவிடும் டெக்குகள் உண்டு. ஏஞ்சல் வருவதற்குள் வீடு எரிந்து முடிந்திருக்கும்.

இரண்டாவது, வந்த உடனே என்ன தரும்? ஒன்றும் தராது. வந்த முறையில் தாக்கவும் முடியாது, அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். 20 புள்ளிகளை நான்கு நான்காகக் குறைக்க ஐந்து தாக்குதல்கள் வேண்டும்.

மூன்றாவது, எதற்குப் பலியாகும், எதற்குத் தப்பும்? ஒரு மானா விலையுள்ள ‘லைட்னிங் போல்ட்’ மூன்று அடி கொடுக்கும். நான்கு தாங்கும் ஏஞ்சல் அதில் பிழைத்துக்கொள்ளும். இது சிறிய விஷயமில்லை. ஆனால் ‘சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ்’ என்ற இன்னொரு ஒரு-மானா மந்திரம் அவளை ஆட்டத்திலிருந்தே அகற்றிவிடும். ஈடாக, அவளை வைத்திருந்தவருக்கு அவளுடைய வலுவின் அளவான நான்கு உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். நாம் ஐந்து செலவழித்ததை எதிராளி ஒன்றில் முடித்துவிட்டு, மிச்ச நான்கு மானாவில் தன் வேலையைப் பார்ப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இதை ஒரே மந்திரத்தில் கொன்றுவிடலாம்’ என்பது இந்த விளையாட்டில் அடிக்கடி கேட்கும் சோம்பேறித் தீர்ப்பு. எல்லா வீரர்களையும் ஏதோ ஒரு மந்திரம் கொல்லும். 2009இல் ‘பேன்ஸ்லேயர் ஏஞ்சல்’ வந்தபோதும், இரண்டு மானா ‘டூம் பிளேடு’ கொன்றுவிடுமே என்றார்கள். அந்தக் காலத்துப் போட்டிகளில் எல்லோரும் பயந்த கார்டுகளில் ஒன்றாக அது ஆனது. சாகுமா என்று மட்டும் கேட்டால் போதாது. சாவதற்குள் என்ன செய்யும், எதிராளியின் கையிலிருந்து எதைச் செலவழிக்க வைக்கும் என்றும் கேட்க வேண்டும்.

நான்காவது, அதே விலைக்கு வேறு என்ன கிடைக்கும்? செர்ரா ஏஞ்சலுக்கு இங்கேதான் அடி விழுகிறது. பேன்ஸ்லேயருக்கும் அதே ஐந்து மானா, அதே இரண்டு வெள்ளை. வலு ஐந்து, தாங்குவது ஐந்து, பறக்கும், சண்டையில் முதலில் அடிக்கும், அடித்த அளவுக்கு நம் உயிர்ப்புள்ளியைக் கூட்டும். 2009இன் அந்த ஒரே தொகுப்பில் இரண்டு ஏஞ்சலும் இருந்தன. பேன்ஸ்லேயர் மிக அரிதான வகை. செர்ரா அதற்கு இரண்டு படி கீழே. 2021இல் ‘சாலிட்யூட்’ வந்தது. அதற்கும் அதே விலை. அது வந்து இறங்கும்போதே எதிராளியின் ஒரு வீரரைச் சோர்ட்ஸ் மந்திரம் போலவே அகற்றும். கையில் இருக்கும் இன்னொரு வெள்ளைக் கார்டைத் துறந்தால் மானாவே இல்லாமல் அதை விளையாடி, அந்த அகற்றும் வேலையை மட்டும் செய்துகொள்ளலாம். மூன்று கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஐந்து மானாவுக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்பது 28 வருடங்களில் எப்படி மாறிவிட்டது என்று தெரியும்.

ஆக, மாடர்ன் போட்டிக்குச் செர்ரா ஏஞ்சல் உதவாது. இதை நான் தயங்காமல் சொல்கிறேன். அக்காவின் கார்டு என்பதற்காக அதை டெக்கில் வைத்து ஆடிப் பார்த்தேன், ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிவைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். பாசத்துக்காகச் சலுகை மதிப்பெண் போட்டால் அது மதிப்பீடாகாது. சலுகை மதிப்பெண் எவ்வளவு அவமானம் என்பது ‘பெண்ணாக இருந்தும் நன்றாக ஆடுகிறாய்’ என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. யாரோடு, எந்த மேசையில்?

செர்ரா ஏஞ்சலின் கதை இங்கே சுவாரசியமாகிறது. தொண்ணூறுகளின் நடுவில் பிரையன் வைஸ்மன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஒரு டெக் உருவாக்கினார். அதன் பெயரே ‘தி டெக்’. அதில் எதிராளியைக் கொல்ல இருந்தவை முக்கியமாக இரண்டே செர்ரா ஏஞ்சல்கள். மற்றதெல்லாம் தடுப்பதற்கும், அழிப்பதற்கும், கையில் கார்டு சேர்ப்பதற்கும். எதிராளி போடுவதை எல்லாம் ரத்துச்செய்து, அவருடைய கையைக் காலியாக்கி, ‘மோட்’ என்ற கார்டை இறக்கிவிடுவார். மோட் என்றால் அகழி. அது இருக்கும்வரை பறக்காதவர்கள் தாக்க முடியாது. பறக்கும் ஏஞ்சலுக்கு அகழி ஒரு பொருட்டில்லை. மேசையில் பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் அவள் வந்து, ஐந்து முறை அடித்து ஆட்டத்தை முடிப்பாள். வீரர்களைக் கொல்லும் மந்திரங்களை நிறையக் கொண்டுவந்த எதிராளிக்கு, அதுவரை அவற்றைப் பயன்படுத்த ஆளே கிடைத்திருக்காது.

அந்த வெற்றியில் ஏஞ்சலின் பங்கு எவ்வளவு, அவளுக்கு வழி செய்துகொடுத்த மற்றக் கார்டுகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கார்டைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ‘நல்லதா’ என்று கேட்டால் பதில் இல்லை.

காலம் என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். 1997இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது செர்ரா ஏஞ்சலை விட்டுவிட்டார்கள், வலு அதிகம் என்று. 2001இல் ஏழாம் பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2009இல் அவள் அரிதான வகையிலிருந்து ஒரு படி கீழே இறங்கினாள். 2018இல் ‘டொமினேரியா’ தொகுப்பில் மறுபடி வந்தாள். இத்தனைக்கும் கார்டின் வலுவோ விலையோ ஒருமுறைகூட மாறவில்லை. ஐந்து மானா, நான்கு, நான்கு, பறத்தல், விழிப்பு. அவளைச் சுற்றியிருந்தவைதான் மாறின. அதே 2018இல்கூட, பொதிகளை அங்கேயே பிரித்து அந்தக் கார்டுகளால் மட்டும் டெக் கட்டும் ‘டிராஃப்ட்’ போட்டிகளில் அவள் விரும்பி எடுக்கப்பட்டாள். ஒரே நாளில் ஒரு மேசையில் பலம், அடுத்த மேசையில் பாரம்.

1997 என்பது அக்கா விளையாட்டை விட்ட வருடமும்கூட. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஏழாம் பதிப்பின் விவரத்தைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கார்டை நான்கு வருடத்தில் நினைவாகத் திரும்பக் கூப்பிட்டார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடும் இடமாக அந்த மேசைகள் இருக்கவும் இல்லை. நகரின் கிழக்கே நான் வெள்ளிக்கிழமை இரவுகளில் போன கடையொன்றில், கல்லாவில் இருந்தவர் முதல் நாளே “காதலனுக்கு வாங்குகிறீர்களா?” என்று கேட்டார். எதிரே உட்கார்ந்தவர் என் கார்டை என் கையிலிருந்து வாங்கி, எனக்கே வாசித்து விளக்கினார். நான் ஜெயித்தால் கை நன்றாக வந்துவிட்டது. தோற்றால், ஆட்டம் முடிந்தபிறகும் பத்து நிமிடம் பாடம். பக்கத்து மேசையில் இளைஞர்கள் தோற்றால் நிலம் வரவில்லை, ஜெயித்தால் திறமை. ஆட்டக் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இங்கே உதவியது. தொடக்கக் கையில் என்ன இருந்தது, எங்கே திரும்பியது என்று தேதியோடு எழுதியிருந்தேன். அதிர்ஷ்டம் எவ்வளவு, என் முடிவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை நான் நம்ப வேண்டிய தேவை இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையில் பெண்கள் நிறைய இருந்தார்கள், படங்களில். இந்த விளையாட்டில் ஏஞ்சல்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்களே. தொடக்கத் தொகுப்பின் புகழ்பெற்ற படங்களில் பலவற்றை வரைந்தவர்களும் பெண்கள். ‘ஷிவன் டிராகன்’ மெலிஸா பென்சன் வரைந்தது, ‘டைம் வாக்’ ஏமி வெபர் வரைந்தது. மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளில்தான் பெண்கள் இல்லை. உயர்மட்டப் போட்டியான ‘ப்ரோ டூர்’ 1996இல் தொடங்கியது. அதில் முதல் எட்டு இடங்களுக்குள் ஒரு பெண் வர 2013வரை ஆனது. மாண்ட்ரீயலில் அந்த இடத்தைப் பிடித்தவர் மெலிஸா டிடோரா. 2018இல் சிட்னி கிராண்ட் ப்ரீ போட்டியை வென்ற ஜெஸிக்கா எஸ்டிபன், தனிநபர் கிராண்ட் ப்ரீயை வென்ற முதல் பெண்.

அந்த இடைப்பட்ட வருடங்களில் ‘பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை’ என்பதுதான் வழக்கமான விளக்கம். கார்டு என்றால் இந்த மனிதர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுவார்கள்! எந்தப் போட்டி வகை, எதிரே எந்த டெக், எத்தனையாவது முறை, கூட என்ன கார்டு என்று பத்துக் கேள்வி கேட்காமல் ஒரு துண்டு அட்டையைக்கூடத் தள்ள மாட்டார்கள். பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு கேள்வியும் இல்லை, நேரே தீர்ப்பு. யாருடைய பெட்டியை யார் விற்றார்கள், மாலையில் யார் வேலைக்குப் போனார்கள், இரவு பத்து மணிக்குப் போட்டி முடிந்தால் பஸ்ஸில் தனியே வீடு திரும்புவது யார் என்றெல்லாம் கணக்கில் சேர்க்காமல் ஆர்வத்தை எப்படி அளந்தார்கள்?

தேடலின் கடைசியில் எனக்கு ‘ஓல்ட் ஸ்கூல்’ என்ற ஆட்ட வகை தெரியவந்தது. 1993, 1994 காலத்துக் கார்டுகளை மட்டும் வைத்து விளையாடுவது. சுவீடனின் கோதன்பர்க் நகரில் சில நண்பர்கள் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. சில இடங்களில் முதல் அச்சுக் கார்டுகளையே கேட்பார்கள், அதற்குப் பெரும் பணம் வேண்டும். வேறு இடங்களில் ரிவைஸ்ட் பதிப்பும் செல்லும். அந்த மேசையில் செர்ரா ஏஞ்சலை வைத்துப் பார்த்தேன். போல்ட் அவளைக் கொல்லவில்லை. நான்கு மானாவில் இறங்கும் ‘ஜுஸாம் ஜின்’ ஐந்துக்கு ஐந்து வலுவோடு நின்றாலும், பறப்பவளை அதனால் தடுக்க முடியவில்லை. சமமாக மோத வந்தது கறுப்பு நிறத்தின் ‘செங்கிர் வாம்பயர்’. அதுவும் ஐந்து மானா, நான்குக்கு நான்கு, அதுவும் பறக்கும். ஆனால் தாக்கப் போனால் அது சாய்ந்துவிடும். இவள் நிமிர்ந்து நிற்பாள். அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: விளையாடலாம், இந்த மேசையில், நல்ல துணையோடு.

பதிலை அவளிடம் கைபேசியில் சொல்லி முடிக்க நான் விரும்பவில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டில் நான்கு பெண்கள் சேர்ந்து விளையாடுகிறோம். அசல் வாங்கப் பணமில்லாத பழைய கார்டுகளுக்கு அச்சடித்த தாள் நகலை உறைக்குள் செருகிக்கொள்கிறோம். எங்கள் மேசை, எங்கள் விதி. பிள்ளைகளோடு வரலாம். இருட்டுமுன் முடித்துவிடுவோம்.

அக்கா முதல்முறை வந்தபோது விதிகள் பாதி மறந்திருந்தன. பாதி ஆட்டத்தில் கைகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. டெக் கட்டும்போது செர்ரா ஏஞ்சலை நான்குவரை வைக்கலாம், இன்னும் இரண்டுக்கு நகல் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“ரெண்டு காணும்” என்றாள். “முதல்ல மேசையைத் துப்பரவாக்க வேணும். அவ கடைசியா வந்தாப் போதும்.”

வைஸ்மனின் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. பதினைந்து வயதில் சாப்பாட்டு மேசையில் தானே ஆடிக் கண்டுபிடித்தது அது.